பிஸ்கட் டின்னில் 22, கையில் 1: மலைநாட்டில் வாட்ச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

என்னிடம் ஒரு காலத்தில் 23 கைக்கடிகாரங்கள் இருந்தன. அவற்றுள் ஓடியவை பதினொன்று. ஓடியவற்றுள் நேரம் சரியாகக் காட்டியவை நான்கு. அந்த நான்கிலும் நான் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனது ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் பழைய பிஸ்கட் டின்னில், பஞ்சு சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தன. ஒரு மழைக்காலம் முழுக்கத் தொடாமல் விட்டுவிட்டுத் திறந்தபோது தோல்பட்டிகள் எல்லாம் வெள்ளை பூத்திருந்தன. பணம் போட்டு வளர்த்த பூஞ்சணம்.

இன்று மூன்று வைத்திருக்கிறேன். மூன்றும் ஓடுகின்றன, மூன்றையும் கட்டுகிறேன். 23இலிருந்து 3க்கு வந்து சேர எனக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் இருப்பவருக்குப் பொருந்தும் யோசனை மலைநாட்டில் இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. கொழும்பில் வாட்ச் நின்றுபோனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புறக்கோட்டைக்குப் போய் வந்துவிடலாம். தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருப்பவர் அதற்கு ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி ஹட்டனுக்கோ கண்டிக்கோ போக வேண்டும். எத்தனை வாட்ச் வைத்திருக்கலாம் என்பதை இங்கே ஆசையும் சம்பளமும் மட்டும் தீர்மானிப்பதில்லை. பனி, மழை, பஸ், நம்பிக்கையான ஒரு வாட்ச் பாஸ், இவை நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. (மேசன் பாஸ், தச்சு பாஸ் என்கிறோமே, அதே பாஸ்தான். வெளிநாட்டில் இருந்து படிப்பவர்கள் முதலாளி என்று நினைத்துவிடக் கூடாது.)

வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் எழுதுங்கள்

நம் தோட்டங்களில் நேரம் என்பது நெடுங்காலம் காதால் கேட்கும் பொருளாகத்தான் இருந்தது. விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, கூப்பிடும் தப்பு மேளம், பிறகு தொழிற்சாலைச் சங்கு. கண்ணால் பார்க்கும் நேரம் துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் இருந்தது. பிந்தி வந்தவளுக்குப் பேர் (ஒரு நாள் சம்பளம்) விழுமா, அரைப்பேரா என்பது கணக்கப்பிள்ளையின் மணிக்கட்டில் இருந்தது. என் தாத்தா கடைசிவரை வாட்ச் கட்டியதில்லை. “சங்கு ஊதுகிறதே, போதாதா?” என்பார். எங்கள் அப்பா காலத்தில் வாட்ச் கட்டுவது என்பதே ஒரு படி ஏறியதற்கு அடையாளம். எனக்கு ஒன்று போதாமல் 23 வாங்கத் தோன்றியதில் அந்தப் பழைய பசியும் கொஞ்சம் இருந்திருக்கும்.

அதனால்தான் முதலில் கடைக்குப் போகாதீர்கள் என்கிறேன். ஒரு சிறிய கொப்பியை எடுத்து, இரண்டு வாரத்துக்கு நீங்கள் எப்போதெல்லாம் நேரம் பார்க்கிறீர்கள், அப்போது கை எப்படி இருக்கிறது என்று மட்டும் குறித்து வாருங்கள். கை நனைந்திருக்கிறதா, இருட்டா, நீளக்கைச் சட்டையா, பக்கத்தில் யந்திரம் ஏதும் ஓடுகிறதா என்பதெல்லாம் எழுதுங்கள்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக இருப்பவன். என் கொப்பியில் வந்தவை மூன்றே வகைதான். முதலாவது, இரவு வேலை: கொழுந்தை உருட்டும் ரோலரில் அது விழுந்த நிமிடத்திலிருந்து நொதிப்பு நேரத்தை எண்ண வேண்டும். பத்து நிமிடம் கூடினாலும் தேநீரின் சுவை வேறு. இரண்டாவது, தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் இடையில் மழையில் நடக்கும் பாதை. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை, கோயில், கல்யாணவீடு. 23 வாட்ச்சுக்கும் சேர்த்து என் வாழ்க்கையில் இருந்த வேலை அவ்வளவுதான்.

உங்கள் கொப்பியில் இரண்டு வகை வரலாம், நான்கு வரலாம். அதுதான் உங்கள் சேகரிப்பின் அளவு. இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கிய எந்த வாட்ச்சும் டின்னுக்குத்தான் போகும்.

உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வாட்ச்சில் மூன்று வகை உண்டு: பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ், தினமும் சாவி கொடுக்கும் வாட்ச், கை அசைவிலேயே முறுக்கேறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்.

குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள் ஒரு சிறிய படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதை எண்ணித்தான் முள் நகர்கிறது. இந்த முறையில் ஓடும் கைக்கடிகாரத்தை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தது சீக்கோ. 1969 டிசம்பர் 25இல் டோக்கியோவில் வெளிவந்த அதன் பெயர் ஆஸ்ட்ரான். இன்று சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்குப் பதினைந்து வினாடி அளவில்தான் முன்பின் போகும். சீக்கோவின் 4ஆர்36 என்ற ஆட்டோமேட்டிக் மெஷினுக்கு அந்த நிறுவனமே கொடுக்கும் வரம்பு நாளொன்றுக்கு 45 வினாடி முந்தலாம், 35 வினாடி பிந்தலாம் என்பது. இது மாதக் கணக்கு அல்ல, நாள் கணக்கு. மலிவான ஒரு டிஜிட்டல் கேசியோ, பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய ஆட்டோமேட்டிக்கை நேரம் காட்டுவதில் தோற்கடித்துவிடும். இதை முதல் நாளே விழுங்கிக்கொண்டால் பிறகு மனம் கசக்காது. ஆட்டோமேட்டிக்கையும் சாவி வாட்ச்சையும் நாம் வைத்திருப்பது துல்லியத்துக்காக அல்ல. உள்ளே ஒரு சிறிய உயிர் துடிப்பதுபோல் இருப்பதற்காக.

சாவி கொடுக்கும் வாட்ச்சைப் புதிதாகக் கையாளுகிறவர்கள் செய்யும் தவறு, கையில் கட்டியபடியே திருகுவது. வாட்ச்சின் பக்கத்தில் இருக்கும் குமிழின் தண்டு ஒரு பக்கமாக அழுத்தப்பட்டு நாளடைவில் வளைகிறது. கழற்றி எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் குமிழைப் பிடித்து, காலையில் ஒரே நேரத்தில் மெதுவாகத் திருகுங்கள். இருபத்தைந்து, முப்பது சுற்றுக்குள் விரலில் ஒரு தடை தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். தடை தெரிந்த பிறகும் “இன்னும் ஒன்று” என்று திருகுகிற கைதான் பாஸுக்குச் சோறு போடுகிறது.

ஆட்டோமேட்டிக்கில் தேதி இருந்தால், இரவு ஒன்பது மணியிலிருந்து விடியற்காலை நான்கு மணிவரை தேதியைக் கையால் மாற்றாதீர்கள். அந்நேரம் பற்சக்கரங்கள் தேதித் தட்டைத் தள்ளுவதற்காகக் கோத்துக்கொண்டிருக்கும். முள் காட்டுவது பகல் ஒன்பதா, இரவு ஒன்பதா என்று தெரியாவிட்டால், முள்ளைக் கீழே ஆறு மணிப் பக்கம் கொண்டுவந்துவிட்டு மாற்றினால் பயமில்லை.

நேரம் சரிபார்க்க இன்று கைபேசி போதும். எங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1996 மே மாதம் நாட்டின் நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கே திரும்பினோம். இடையில் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு “இது பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்டுத்தான் வாட்ச்சைப் பார்ப்போம்.

வாட்ச்சைத் தேடும் முன் பாஸைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நல்ல வாட்ச் பாஸ் ஒருவர் உங்கள் பஸ் பாதையில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு நகைக்கடையின் அல்லது புத்தகக்கடையின் முன்வாசலில், ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். போனவுடன் விலையுயர்ந்த வாட்ச்சை நீட்டாதீர்கள். பேட்டரி தீர்ந்த சாதாரண குவார்ட்ஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பாருங்கள்.

மூடியைத் திறக்கக் கத்தியை எடுக்கிறாரா, அதற்கென்று இருக்கும் கருவியை எடுக்கிறாரா? மேசையில் வெள்ளைத் தாள் விரித்திருக்கிறாரா? (விழுந்த திருகாணி கறுப்பு மேசையில் தெரியாது.) மெஷினைத் தொடும்போது வெறும் விரலா, இடுக்கியா? மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்க்கிறாரா, அல்லது அது இருந்த இடமே தெரியாமல் அமுக்கி மூடுகிறாரா? பழைய பேட்டரியை உங்கள் கையில் தருகிறாரா? இந்த ஐந்தில் மூன்று சரியாக இருந்தாலே இந்தப் பக்கத்தில் அதிர்ஷ்டம்தான். ரப்பர் வளையத்தைப் பார்க்காத பாஸ் மட்டும் வேண்டாம். நம் மழைக்கு அது ஆகாது.

பிறகு அவரிடமே கேளுங்கள்: “எந்த மெஷினுக்கு உங்களிடம் சாமான் இருக்கிறது?” என் பாஸ் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே நெஞ்சைப் பிளந்து போட்டதுபோல் முப்பது, நாற்பது செத்த வாட்ச்சுகள். பெரும்பாலும் சீக்கோ 5, அதற்கடுத்து சிட்டிசன், சில இந்திய எச்.எம்.டி. மூலையில் தனியாக இரண்டு பழைய சுவிஸ் வாட்ச்சுகள். “இதுக்கு இனி உறுப்பு தானம் செய்ய யாரும் இல்லை, தம்பி” என்று அந்த இரண்டையும் விரலால் ஒதுக்கினார். வெஸ்ட் எண்ட், ரோமர், ஃபாவ்ர் லூபா என்று எத்தனை அழகான பெயர்கள் கண்ணில் பட்டாலும், அந்த இழுப்பறையில் இல்லாத மெஷினை நான் வாங்குவதில்லை. அது ஓடும்வரை வாட்ச், நின்றால் பதக்கம்.

முதல் வாட்ச்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கேசியோ எஃப்-91டபிள்யூ, அல்லது அதைப் போன்ற ஒன்று. நான் வாங்கியது தீபாவளி முற்பணத்தில் மிஞ்சிய காசில். இலேசானது, ரெசின் பட்டி பூஞ்சணம் பிடிக்காது, நிமிடம் எண்ணும் வசதி உண்டு, பேட்டரி ஏழு ஆண்டு வரும் என்கிறது நிறுவனம். அதன் விளக்கு மட்டும் ஒரு பரிதாபமான மின்மினி. இரவு ரோலர் அறையில் இன்றும் அதைத்தான் நம்புகிறேன். போலியும் நிறைய வருகிறது. வலது பக்கப் பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் திரையில் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். இதைப் போலிகள் சிலவும் கற்றுக்கொண்டுவிட்டன, ஆகவே பின்மூடியின் எழுத்தையும் பாருங்கள், ரசீது தரும் கடையில் வாங்குங்கள்.

இரண்டாங்கை வாட்ச்: ஏமாறாமல் இருக்க

இரண்டாவது வாட்ச்தான் ஆளைக் கவிழ்ப்பது. எனக்கு அது ஆரஞ்சு நிறத்தில் வந்தது.

இணையத்தில் ஒரு சீக்கோ 5. படத்தில் ஆரஞ்சு டயல் தகதகவென்று இருந்தது. எழுபதுகளின் வாட்ச் என்று எழுதியிருந்தார்கள், விலையும் மலிவு. நான் இரண்டு வாங்கினேன், ஒன்று நீலம். தபாலில் வந்ததும் பாஸிடம் கொண்டுபோனேன். லூப் என்ற உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு என் கையில் தந்தார். பெரிதாக்கிப் பார்த்தபோது எழுத்துகளின் விளிம்பு மை கசிந்த தபால் முத்திரைபோல் இருந்தது. நிமிடக் கோடுகளில் சில, கோட்டுக்கு வெளியே சரிந்திருந்தன. பழைய வாட்ச்சைப் பிரித்து, டயலைச் சுரண்டி, புதிதாக வர்ணம் அடித்து, மூன்று வாட்ச்சின் பாகங்களை ஒன்றில் பொருத்தி விற்கும் தொழில் இது. இந்தியாவில் இருந்து உலகம் முழுக்கப் போகிறது. ஓடும், ஆனால் நீங்கள் வாங்கியதாக நினைத்த வாட்ச் அது அல்ல.

அதற்குப் பிறகு நான் பார்க்கும் ஒழுங்கு இது.

சீக்கோ என்றால் பின்மூடியைப் பாருங்கள். நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு இலக்கம் இருக்கும், 7009-… என்பதுபோல. முன் நான்கு மெஷினின் எண், பின் நான்கு கூட்டின், அதாவது மெஷினை மூடியிருக்கும் வெளி உடலின், எண். டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதுவும் அதே நான்கு இலக்கத்தில் தொடங்க வேண்டும். பின்மூடி 7009 என்றும் டயல் 6309 என்றும் சொன்னால் இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். குறியீடே இல்லாமல் மொட்டையாக இருந்தால் வர்ணம் அடித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை அந்தந்த மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு அவற்றின் ஆங்கில முதலெழுத்து. 8, 2 என்று தொடங்கினால் ஓர் எட்டில் முடியும் ஆண்டின் பிப்ரவரி. அது 1978ஆ 1988ஆ என்பதை மெஷின் எந்தக் காலத்தது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கூட்டின் விளிம்புகள் சோப்புக்கட்டிபோல் மழுங்கியிருந்தால் பலதடவை தேய்த்து மெருகிட்டிருக்கிறார்கள். டயல் மட்டும் புத்தம் புதிதாகவும் கூடு கிழடாகவும் இருந்தால் கேள்வி கேளுங்கள். வயதுக்கேற்ற மங்கல் குறையே அல்ல.

கடைசியாக, விற்பவரிடம் உள்ளே திறந்த படம் ஒன்று கேளுங்கள். உண்மையானவர் அனுப்புவார். “நல்ல வாட்ச், பயப்படாதீர்கள்” என்று மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

விலை பேசும்போது ஒரு சர்வீஸ் கூலியையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். இரண்டாங்கையில் வந்த சாவி வாட்ச்சின் எண்ணெய் காய்ந்துதான் இருக்கும், காய்ந்த எண்ணெயோடு ஓடினால் தேய்மானம். அந்தக் காசு உங்களிடம் இல்லையென்றால் அந்த வாட்ச்சும் இப்போது உங்களுடையது அல்ல. சீட்டு முறை எனக்குக் கைகொடுத்தது. தொழிற்சாலையில் நாங்கள் பத்துப் பேர் மாதச் சீட்டுப் போட்டோம். என் முறை வரும்வரை காத்திருந்த மாதங்களில் ஐந்தாறு வாட்ச் மேல் ஆசை வந்து, தானாகவே போய்விட்டது. நிலைத்து நின்ற ஒன்றைத்தான் வாங்கினேன், 7எஸ்26 மெஷின் உள்ள சீக்கோ 5. அந்த மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. நின்றுபோனால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், அல்லது தொட்டில்போல் இலேசாக ஆட்ட வேண்டும்.

வாங்காமல் வருவதும் உண்டு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன எங்கள் சொந்தங்களில் ஒரு மாமா கோத்தகிரிப் பக்கம் தேயிலை வேலையிலேயே இருந்தார். அவர் பல ஆண்டு கட்டிய எச்.எம்.டி. ஜனதா, அவர் மகன் இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது என்னிடம் வந்தது. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு தொடங்கி, 2016இல் மூடப்பட்ட தொழிற்சாலையின் வாட்ச். மெஷினுக்குள் தேய்மானம் குறைக்கப் பதினேழு கல், சாவி கொடுப்பது, வெள்ளை டயல், அலங்காரம் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். பாஸ் மாற்றித் தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். கல்யாணவீட்டுக்கு இதுதான்.

பழைய வாட்ச்சில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. 1960களுக்கு முந்திய சில வாட்ச்சுகளில் இருட்டில் ஒளிரும் முள்ளுக்கு ரேடியம் பூசியிருப்பார்கள். இன்று ஒளிராமல் பழுப்பேறிக் கிடந்தாலும் கதிரியக்கம் போகாது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

பனி, மழை, வெந்நீர்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். ஜனவரி, பிப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். மற்ற மாதங்களில் மழையும் மூடுபனியும். உடுப்பே காயாத ஊரில் வாட்ச் எப்படிக் காயும்?

பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்கு மூழ்கலாம் என்று பொருளில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரையும் சிறு தூறலையும் தாங்கும், அவ்வளவுதான். கொழுந்து மலையில் ஆடி மழையில் நிற்பவர்களுக்கு அது போதாது. 100 மீட்டர் எழுதியதைப் பாருங்கள். அந்த எண்ணும் ரப்பர் வளையம் நன்றாக இருக்கும்வரைதான் செல்லும்.

நம் பக்கத்தில் வாட்ச்சைக் கொல்வது மழையைவிட வெந்நீர்க் குளியல்தான். குளிர்ந்த காலையில் சில்லிட்டுக் கிடக்கும் வாட்ச்சோடு அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ஊற்றிக் குளித்தால், வளையம் விரிந்து சுருங்குகிற இடைவெளியில் நீராவி உள்ளே போய்விடும். குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். ஆணியில் மாட்டுங்கள், குளியலறையில் அல்ல.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வாட்ச்சைச் சிறிது நேரம் சட்டைக்குள் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடியின் நடுவில் ஒரு துளி குளிர்ந்த நீரை விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் அந்த இடத்தில் மூடுபனி கட்டியிருந்தால் ஈரம் உள்ளே வந்துவிட்டது. அன்றைக்கே பாஸிடம் போங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் அரிசித் தவிடுதான் உள்ளே போகும்.

வைக்கும் இடம் முக்கியம். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து. சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து வையுங்கள். பிஸ்கட் டின் வேண்டாம், என் கதையைப் பார்த்தீர்கள். தோல்பட்டியை மழைக்காலத்தில் கழற்றிவிட்டு நைலான் பட்டி போடலாம். பட்டி வாங்கும்போது வாட்ச்சின் இரு கொம்புகளுக்கும் இடையிலான அகலத்தை அளந்துகொண்டு போங்கள், 18, 20, 22 மில்லிமீட்டர் என்று வரும். பேட்டரி தீர்ந்த குவார்ட்ஸை அப்படியே வைத்துவிடாதீர்கள். கசிந்தால் மெஷினைத் தின்றுவிடும். என் 23இல் நான்கு அப்படித்தான் போயின.

முந்தி ஓடிய சீக்கோ

வாங்கி மூன்றாம் ஆண்டில் என் சீக்கோ 5 நாளொன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தத் தொடங்கியது. ஊரில் அப்போது எனக்குத் தெரிந்த ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். சர்வீஸ் செய்ய வேண்டும் என்றார்கள், காசு வாங்கினார்கள். ஒரு கிழமை ஒழுங்காக ஓடிற்று. மறுபடி முந்தியது. திரும்பக் கொண்டுபோனேன், திரும்பக் காசு. மூன்றாம் தடவை, பொருளே சரியில்லை, விற்றுவிடுங்கள் என்று அறிவுரை.

பிறகுதான் இன்றைய பாஸிடம் போனேன். அவர் மூடியைத் திறக்கவே இல்லை. இழுப்பறையில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் திசைகாட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வாட்ச்சைப் பக்கத்தில் கொண்டுவந்தார். முள் அடிபட்ட பூச்சிபோல் துள்ளித் திரும்பியது.

“தம்பிக்கு எங்கே வேலை?”

“தொழிற்சாலையில்.”

“சல்லடை அறைக்குப் போவீர்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூளில் கலந்துவிடும் இரும்புத் துகளைப் பிடிக்க அங்கே காந்தம் வைத்திருக்கிறோம். அதைத் துடைக்க ஆட்களை ஏவி, நானும் கை வைத்து, ஆண்டுக்கணக்காக அந்தச் சீக்கோவோடு. மெஷினுக்குள் இருக்கும் மயிரிழைச் சுருள்வில்லில் காந்தம் ஏறினால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வில்லின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, துடிப்பு வேகமாகும்.

காந்தம் இறக்கும் ஒரு நீலப் பெட்டியை மின்சாரத்தில் செருகினார். வாட்ச்சை மேலே வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெல்லத் தூக்கி எடுத்தார். பத்து வினாடி இருக்கும். திசைகாட்டி இப்போது வாட்ச்சைக் கண்டுகொள்ளவில்லை. கூலி எவ்வளவு என்று கேட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ சொல்லச் சொன்னார்.

உங்களுக்குத் திசைகாட்டிகூட வேண்டாம், கைபேசியில் இருப்பதே போதும். வாட்ச்சைக் கொண்டுபோகும்போது முள் சற்று அசைந்தால் பரவாயில்லை, எஃகுக்கூடு அல்லவா. பாய்ந்து திரும்பினால் காந்தம். ஒலிபெருக்கி, காந்த மூடி போட்ட கைபேசி உறை, குளிர்சாதனப் பெட்டியின் கதவோரம், இவற்றுக்குப் பக்கத்தில் இரவில் வாட்ச்சை வைக்காதீர்கள். திடீரென்று பல நிமிடம் முந்தும் வாட்ச்சுக்கு முதலில் இதைப் பாருங்கள், சர்வீஸுக்குக் காசு கொடுப்பது அதற்குப் பிறகு.

குறைப்பது

ஏற்கெனவே கையில் பத்துப் பதினைந்து சேர்ந்துவிட்டவர்களுக்கு இது. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எது பிடிக்கும் என்று மனதைக் கேட்காதீர்கள். எல்லாம் பிடிக்கும் என்றுதான் அது சொல்லும். மாதக் கலண்டரை மாட்டி, அன்றன்று கட்டிய வாட்ச்சின் பெயரை அந்தந்தக் கட்டத்தில் எழுதுங்கள். மூன்று மாதம். என் கலண்டரில் கேசியோ ஐம்பது கட்டத்துக்கு மேல், சீக்கோ முப்பது சொச்சம், ஜனதா ஆறு. ஆரஞ்சு ஒன்றுகூட இல்லை. ஆறு நாள்தான் கட்டினேன் என்பதற்காக ஜனதாவை விற்கவில்லை, அந்த மூன்று மாதத்தில் கல்யாணம் ஆறுதான்.

வர்ணம் அடித்த இரண்டையும் விற்கும்போது, வர்ணம் அடித்தது என்று எழுதியே விற்றேன். பாதி விலைதான் கிடைத்தது. செத்த பன்னிரண்டையும் பாஸின் இழுப்பறைக்கே கொடுத்துவிட்டேன். அவற்றில் ஒன்றின் சக்கரம் பிறகு யாரோ ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் வாட்ச்சுக்குப் போனதாகச் சொன்னார். சித்தி குவைத்தில் வேலை செய்து கொண்டுவந்த சிட்டிசன் ஒன்று இருந்தது, பெண்கள் கட்டும் சிறிய அளவு. அதை என் கணக்கில் சேர்த்து வைத்திருந்ததே தவறு. பேட்டரி போட்டு, பட்டி மாற்றி, சித்தியின் மகளிடம் கொடுத்தாயிற்று.

இப்போது என் டப்பாவில் நான்கு குழி, மூன்று வாட்ச். நான்காவதைப் பற்றிப் போன மாதம் சோதனை வந்தது. நானுஓயாவில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒரு பெரியவர் கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த ஃபாவ்ர் லூபாவைக் காட்டினார். டயலில் மஞ்சள் ஏறி, பார்க்கத் தேன்போல இருந்தது. வாங்கிக் காதில் வைத்தேன், ஓடுகிறது. குமிழை மெல்லத் திருகிப் பார்த்தேன், தடை வரவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. “ஐயா, உள்ளே திறந்து பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். இல்லை என்றார். பாஸின் இழுப்பறை மூலையில் கிடந்த அந்த இரண்டும் நினைவுக்கு வந்தன. துடைத்து, கைக்குட்டையில் வைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன். கேசியோவைப் பார்த்தேன். ரயில் நாற்பது நிமிடம் பிந்தியிருந்தது.